மஞ்சள் கலையாத கோட்

ஜெர்மனியில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். போன மாதம்கூட எதிர் வரிசை எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். மகள் மேல்படிப்புக்கு அங்கே போகிறாளாம். என்னென்ன துணி எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி, உள்ளே போடுகிற முழு நீளக் கால்சட்டை மூன்று, காதை மூடும் தொப்பி, முழங்கால் வரை வரும் கோட். பனியில் நடக்கும்போது குதிகாலை முதலில் ஊன்றக் கூடாது என்றுகூடச் சொன்னேன். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜெர்மனியின் குளிர்காலத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே நான் இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள், அதுவும் ஏப்ரல் மாதம். தெருவின் நினைப்பில் நான் இருந்தது ஒன்பது மாதத்துக்கு மேல். மீதி நாட்களை எங்கே கழித்தேன் என்பதையும் சேர்த்தால்தான் இந்தப் பயணம் முழுசாகும். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், படித்ததெல்லாம் கன்னட மீடியம். எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2001. எனக்கு இருபத்தைந்து வயது. அப்பா மாநகராட்சி வேலையில் இருக்கும்போதே போய்விட்டதால் அம்மாவுக்கு வார்டு ஆபீசில் பியூன் வேலை கொடுத்திருந்தார்கள். தங்கை கலா பீன்யாவில் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் தையல் மெஷினில் இருந்தாள். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில், டெலிபோன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு கம்பெனியில். ஒரு வருஷத்துக்கு உன்னை ஜெர்மனி அனுப்புகிறோம் என்று கம்பெனியில் சொன்ன அன்றைக்கே அம்மா கலாவின் ஜாதகத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். கே.ஜி.எஃப்.பிலிருந்து வந்த ஒரு நல்ல இடம் நான்கு மாதமாகப் பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அண்ணன் ஜெர்மனியில் இருக்கிறான் என்றால் அது முடிந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. நான் அங்கே ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும், கலாவின் கல்யாணம் அதில்தான் நிற்கிறது. பெட்டி கட்டும்போது எங்கள் மூன்று பேருக்குமே இது தெரியும்.

ஒரு நாட்டுக்கு நான்கு பருவம் என்பது எங்கள் தெருவுக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கு ஒரே பீரோ, ஒரே துணி. மழைக்குக் குடை, மார்கழிக்கு ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான். அதனால் ஆளுக்கொரு பருவத்தை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வரிசையில் ஃபோன் இருந்த ஒரே வீடு ஸ்டெல்லா ஆன்ட்டியுடையது. அவர் வசந்த காலத்துக்கு என்று இரண்டு முழுக்கைச் சட்டை எடுத்துக் கொடுத்து, ஈஸ்டர் அன்றைக்கு மறக்காமல் சர்ச்சுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்று என்றார். பேனர் எழுதும் முனுசாமி அண்ணன் மழையைக் கவனித்துக்கொண்டார். லாரித் தார்ப்பாயில் தைத்த ஒரு ரெயின்கோட்டைக் கொண்டுவந்தார். அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அதை மட்டும் எப்படியோ பேசித் தவிர்த்தேன்.

குளிர்காலத்தை கலா எடுத்துக்கொண்டாள். ஸ்வெட்டர் விற்கும் திபெத்துக்காரர்கள் கார்த்திகைக்குத்தான் வந்து கடை போடுவார்கள். பங்குனி வெயிலில் பெங்களூரில் கம்பளிக்கு எங்கே போவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஃபேக்டரியிலிருந்து ஒரு கோட் கொண்டுவந்தாள். அவர்கள் தைப்பதே ஜெர்மனிக்குப் போகிற குளிர் கோட்தான். வேர்த்து ஊற்ற ஊற்றப் பஞ்சு அடைத்த கோட் தைக்கிறவள் அவள். கருநீலம், முழங்கால் வரை, உள்ளே ஆரஞ்சு லைனிங். கழுத்தில் ஜெர்மன் கடையின் சீட்டுகூடத் தொங்கியது. இடது கை மட்டும் அரை இஞ்ச் நீளம். அதனால் செக்கிங்கில் தள்ளிவிட்டார்கள், தள்ளியதை வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இடது கையை மட்டும் ஒரு மடிப்பு மடித்து விட்டுக்கொள் என்று போட்டுக் காட்டினாள்.

அம்மா ஒவ்வொரு புதுத் துணிக்கும் மஞ்சள் வைத்தாள். மஞ்சள் வைக்காத புதுத் துணி எங்கள் வீட்டில் உடம்பில் ஏறாது. சட்டைக் காலரில், கையுறையின் கட்டை விரலில், உள்ளே போடும் கால்சட்டையின் நாடாவில், கோட்டின் கைக்குள்ளே லைனிங்கில் என்று விரலால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே போனாள். பிறகு குளிர்காலத் துணிகளைத் தனியாக ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

“நல்லா பனி வுழுறப்போதான் இத்தப் பிரிக்கணும். போனதும் போட்டு அழுக்காக்கிட்டீன்னா அப்பால வருஷம் பூரா எத்தப் போடுவ?” என்றாள்.

ஏர்போர்ட்டுக்கு இரண்டு வேன். முன் வேனில் முனுசாமி அண்ணன் எழுதிய துணிப் பேனர், மேலே கன்னடத்திலும் கீழே தமிழிலும் என் பேரும் ஜெர்மனியும். சக்கரத்தில் எலுமிச்சம்பழம். ஒரு வருஷம் கழித்து இதே வேனில் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

ஜெர்மனியில் முதல் வேலை நாளன்றே ரயில் என்னைக் கவிழ்த்தது. நான் தங்கியிருந்த சின்ன ஊரிலிருந்து ஆபீஸுக்கு முக்கால் மணி நேரம். நடுவே ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். வெள்ளைக்காரன் எது சொன்னாலும் தலையாட்டுவது நம் பழக்கம். வண்டி கிளம்பியது. பக்கத்திலிருந்த ஒரு பெண் பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள். “அங்கே வண்டியை இரண்டாக வெட்டிவிடுவார்கள். முன் பாதி நீங்கள் சொல்லும் ஊருக்குப் போகும். இது பின் பாதி. அதைத்தான் அவர் சொன்னார்.” எங்கள் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிரேக் டவுன் ஆகும், வழிமாறிப் போகும், டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போவார். ஆனால் பாதி பஸ் ஒரு பக்கமும் மீதி பாதி இன்னொரு பக்கமும் போனதில்லை. நான் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

வீட்டுக்கார அம்மாள் பெயர் ஹில்டா. கணவர் இல்லை, மாடியில் ஒரு அறையை எனக்கு விட்டிருந்தார். நான் போய் இறங்கிய வாரம் அவர் குளிர்காலத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கம்பளிகளைத் துவைத்து, மடித்து, பூச்சி வராமல் இருக்கக் காய்ந்த பூ ஏதோ போட்டு, பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். கோடைத் துணி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை இவர்கள் சொந்த வீட்டிலேயே பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரி பெட்டி கட்டுகிறார்கள். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து உள்ளே என்ன என்றார். குளிர்காலம் என்றேன். “நாங்கள் கட்டி வைக்கும்போது நீ கொண்டுவருகிறாயே,” என்று சிரித்தார்.

சாப்பாடு வேறு கதை. வெள்ளிக்கிழமை கடை மூடினான். சனிக்கிழமை பாதி நாள் திறந்தானாம், நான் தூங்கிவிட்டேன். ஞாயிறும் திங்களும் மறுபடி மூடல், எல்லாம் ஈஸ்டர். பக்ரீத் அன்றைக்குக்கூட சிவாஜி நகரில் எங்காவது ஒரு டீயும் பன்னும் கிடைக்கும். இங்கே தெருவில் ஈ காக்கை இல்லை. அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியைக் காய்ந்த ரொட்டியில் தூவி மூன்று நாள் ஓட்டினேன். ஸ்டெல்லா ஆன்ட்டி சொன்னதற்காக சர்ச்சுக்கும் போனேன். மெழுகுவத்தி ஏற்றி, ஒரு வருஷம் இங்கே நிற்க வேண்டும் என்று, நம் சாமி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் வெயில். பத்து மணிக்கு மழை. மதியம் மறுபடி வெயில். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வானத்திலிருந்து வெள்ளையாக, தண்ணீரும் இல்லாமல் பஞ்சும் இல்லாமல் ஏதோ விழுந்தது. பத்து நிமிஷம் இருக்கும். கையில் பிடித்ததும் கரைந்துவிட்டது. “ஏப்ரல் தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும்,” என்று பக்கத்தில் நின்ற கிழவி யாரிடமோ சொன்னதை நான் ஒப்பித்துக் காட்ட, ஹில்டா பிறகு எனக்கு அர்த்தம் சொன்னார், அது அங்கே பழமொழியாம். நான் பெங்களூர் ஸ்வெட்டரோடு பல் கிட்டிக்க நடுங்கினேன். கோட் பெட்டியின் அடியில் மூட்டைக்குள் இருந்தது. இதற்கே பிரித்துவிட்டால் நிஜமான பனிக்கு என்ன செய்வது என்று எடுக்கவில்லை. அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. நல்ல பாத்திரம் பரணில் இருக்கும், சொட்டை விழுந்த தட்டில் சாப்பிடுவோம்.

கடைவீதியில் ஒருநாள் அந்தக் கோட்டைப் பார்த்தேன். குளிர்காலம் முடிந்துவிட்டதால் கடைக்கு வெளியே ஒரு கம்பியில் தள்ளுபடிக்குத் தொங்கவிட்டிருந்தான். அதே கருநீலம், அதே ஆரஞ்சு லைனிங், பீன்யாவிலிருந்து வந்தது. இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து அளந்தேன். சமமாக இருந்தன.

பதினேழாம் நாள் எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, தலைமை அலுவலகம் இந்த வேலையையே நிறுத்திவிட்டது என்று சொன்னார்கள். ஐந்து நிமிஷம்தான். யாரும் குரலை உயர்த்தவில்லை, அங்கே யாரும் உயர்த்துவதில்லை. என் பக்கத்து மேஜை ஆண்ட்ரியாஸ் நல்ல மனிதன். என்னைத் தனியே கூட்டிப் போய்க் கூச்சத்தோடு ஒரு விஷயம் சொன்னான்.

“இங்கே ஒரு வழக்கம். வேலையை விட்டுப் போகிறவர்தான் எல்லோருக்கும் கேக் வாங்கி வர வேண்டும்.”

நானும் வாங்கினேன். ஆப்பிள் போட்ட பெரிய கேக். எல்லோரும் வரிசையாக வந்து கை கொடுத்து, ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றார்கள். எங்கள் ஊரில் செத்த வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர்கள்தான் சோறு ஆக்கிக் கொண்டுவருவார்கள். இங்கே வேலை போனவன் விருந்து வைக்கிறான். நான் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை.

பெங்களூர் ஏர்போர்ட்டில் வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, “எல்லிகே சார்?” என்று கன்னடத்தில் கேட்டார். ஸ்ரீராம்புரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேனர் கண்ணில் வந்தது. சக்கரத்தின் கீழே நசுங்கிய எலுமிச்சம்பழம் வந்தது. கே.ஜி.எஃப்.காரர்கள் அந்த வாரம்தான் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி என்றேன். அங்கிருந்து என் இரண்டாவது வெளிநாட்டுப் பயணம் தொடங்கியது.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால், கோணப்பன அக்ரஹாரத்தில் ஒரு மாடி அறை. ஒரு ரெட்டியாரின் மெஸ்ஸில் சாப்பாடு, எதைத் தொட்டாலும் கோங்குரா என்கிற புளிச்சக்கீரை. கம்பெனியில் வேலை கொடுக்காமல் உட்கார வைப்பதற்கு பெஞ்ச் என்று பெயர், ஆனால் நாற்காலிதான் போட்டிருந்தார்கள். அடுத்த மாசம் இன்னொரு ஜெர்மன் வேலை வரும், தயாராக இரு என்று மேனேஜர் மாதாமாதம் சொன்னார். அதனால் பெட்டியின் அடி மூட்டையை நான் பிரிக்கவேயில்லை. ஸ்ரீராம்புரத்துக்கு ஒன்றரை மணி நேரப் பஸ் தூரம். ஜெர்மனியில் இருந்தபோதுகூட வீடு இவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு பூத்திலிருந்து ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுக்குப் பேசுவேன். ஆன்ட்டி அம்மாவைக் கூப்பிடுவார். அந்தப் பத்து நிமிஷ ஏப்ரல் பனியை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் பேசினேன். ஹில்டாவைப் பற்றி, இரண்டாகப் போகும் ரயிலைப் பற்றி. ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது பெரிய இடி இடித்தது. ஃபோனுக்குள்ளும் அதே இடி கேட்டது. அம்மா “அங்கியும் மழையா?” என்றாள். ஆமாம் என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டாள்.

தமிழ்ச் சாப்பாட்டுக்கு நாக்கு செத்துப்போனால் அத்திபெலேக்குப் பஸ் ஏறுவேன். ஓசூருக்கு முந்தின ஊர், அங்கே சாம்பார் சாம்பாராக இருக்கும். ஆடி மாதத்தில் ஒருநாள் பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் முனுசாமி அண்ணன் ஏறி உட்கார்ந்தார். மூட்டையில் அடங்காமல் வெளியே வைத்த மங்கி கேப் பையில் இருந்தது. எடுத்துக் கண் மட்டும் தெரிய மாட்டிக்கொண்டேன். ஜெர்மனிக் குளிருக்கு என்று வாங்கியதில் நான் உபயோகித்தது அது ஒன்றுதான். அண்ணன் பக்கத்திலிருந்தவரிடம் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். “நம்ம தெருப் பையன் ஒருத்தன் ஜெர்மனில கீறான். பனி முட்டி வரிக்கும் நிக்குதாம். அவங்க அம்மாவே சொல்லுச்சு.”

ஆடி மாதத்தில், ஜெர்மனியில், முட்டி வரைக்கும் பனி. அதை நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை. அவளாகத்தான் சொல்லியிருக்கிறாள். சாம்பார் சாப்பிடாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். நான் ஆரம்பித்த பொய்யை அம்மா ஒன்றும் தெரியாமல் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று பூத்துக்குப் போனேன்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் இப்போ ஜெர்மனில...”

“தெரியும்,” என்றாள் அம்மா. குரல் மிகவும் தணிந்திருந்தது. “ஸ்டெல்லா ஃபோன்ல நம்பர் வர்ற பொட்டி வெச்சு ரெண்டு மாசம் ஆவுது. இந்த ஊர் நம்பர்தான் வருதுன்னு அதான் காட்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. கலாவுக்கும் தெரியாது.”

டெலிபோன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிற எனக்கு அது தோன்றவே இல்லை. நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

“பேடா,” என்றாள். அம்மா வேண்டாம் என்று முடிவாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆபீஸில் பேசுகிற மாதிரி கன்னடத்துக்குப் போய்விடுவாள். “ஆவணில முகூர்த்தம் வெச்சாச்சு. அண்ணனுக்கு லீவு கெடைக்கலன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். நீ அங்கியே இரு.”

“எங்கம்மா?”

“ஜெர்மனில,” என்றாள். “பனிக்காலம் முடிஞ்சு தைக்கு வா. தலைப் பொங்கலுக்கு மாப்ளையும் அவளும் வருவாங்க. அப்போ நீ வூட்ல இருக்கணும்.”

பூத்தை விட்டு வெளியே வந்ததும் எனக்கு வந்தது கோபம். அவமானம் அதற்குப் பிறகுதான். பொய்யைச் சொன்னவன் நான். அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எனக்கே உத்தரவு போட்டாள் அம்மா. எந்தத் தாயாவது பிள்ளையைத் தங்கையின் கல்யாணத்துக்கு வராதே என்பாளா? அவளைப் போய்க் கேட்டால், எந்தப் பிள்ளையாவது பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டில் இருப்பதாகப் பேசுவானா என்பாள்.

கல்யாணத்தன்று காலையில் அம்மா சொன்ன நேரத்துக்கு மண்டபத்து நம்பருக்குப் பேசினேன். வரிசையாக வந்து என்னிடம் பேசினார்கள். மாப்பிள்ளை சேகர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மச்சான், உங்களைப் பார்க்க முடியாமல் போய்விட்டதே என்றார். நல்ல குரல். பூத்துக்கு வெளியே கண்டக்டர் அத்திபெலே, அத்திபெலே என்று கத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளங்கையால் ரிசீவரின் வாயை மூடிக்கொண்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே கடைசியாக கலா வந்தாள்.

“அண்ணா, கோட்டுக் கை நீளமா இல்லியே?” என்றாள்.

“தினம் மடிச்சு விட்டுக்கறேன். சரியா கீது,” என்றேன்.

அதற்குப் பிறகு தை வரைக்கும் நடந்ததில் சொல்ல ஒன்றும் இல்லை. மார்கழியில் எலெக்ட்ரானிக் சிட்டியின் வெட்டவெளிக் காற்று எலும்பைக் குத்தியது. பெட்டிக்குள் ஒரு முழு ஜெர்மன் குளிர்காலம் இருந்தும் நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். புது வேலை வரவே இல்லை. பெட்டியை ஏன் அப்போதும் பிரிக்கவில்லை என்று கேட்டால், பிரித்தால் நான் திரும்பி வந்துவிட்டேன் என்று ஆகிவிடும்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால், அம்மா சொல்லியிருந்தபடி முதலில் ஏர்போர்ட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய், அங்கிருந்து டாக்சி பிடித்து, பழைய விமானச் சீட்டுத் தொங்கும் பெட்டியோடு தெருவில் இறங்கினேன். ஒரு வருஷம் முடியுமுன்னே சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டேன் என்று முனுசாமி அண்ணன் கோபித்துக்கொண்டார். எல்லோருக்கும் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் வாங்கிய சாக்லேட் கொடுத்தேன்.

அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அடி மூட்டை அவள் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கையுறையின் கட்டை விரலில் மஞ்சள். கால்சட்டை நாடாவில் மஞ்சள். கோட்டின் கையைத் திருப்பினாள், லைனிங்கில் அவள் விரல் வைத்த இடம் அப்படியே இருந்தது. “ஒரு தண்ணி பாக்கல,” என்றாள். கடைச் சீட்டை அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள். பிறகு எல்லாவற்றையும் பக்கெட்டில் முக்கி, சவுக்காரம் போட்டு, துவைக்கிற கல்லில் வைத்துத் தேய்த்தாள். மஞ்சள் சவுக்காரம் பட்டுச் சிவந்து, பிறகு வெளுத்துக்கொண்டே போனது. காலரைக் கல்லில் இன்னும் இரண்டு தடவை அதிகமாகத் தேய்த்தாள். புதுத் துணியைப் பழசாக்க அவள் பட்ட பாட்டை நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை மாடியில் தெருவைப் பார்த்த பக்கம் கொடி கட்டி, கையுறை, கால்சட்டை, கோட் எல்லாவற்றையும் அவளே காயப்போட்டாள். தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. பஞ்சுக் கோட் காய மூன்று நாள் ஆனது.

பொங்கலன்று கலாவும் சேகரும் வந்தார்கள். சாப்பாடு முடிந்து மாடிக்கு வந்தோம். சேகர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் ஜெர்மனியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கலா கொடிக்குப் போனாள். காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவள் போல இடது கையின் நுனியைப் பிடித்தாள், மடிப்பு விழுந்த தடத்தைத் தேடினாள். ஒன்பது மாதம் தினமும் மடித்த கையில் தடம் இருக்க வேண்டும். முழங்கைப் பக்கம் பஞ்சை இரண்டு விரலால் அழுத்தினாள். அது மெஷினிலிருந்து இறங்கியபோது இருந்த மாதிரியே உப்பலாக எழும்பியது. ஒரு நாளைக்கு எத்தனையோ கோட் தைத்தவள் அவள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்படி எவ்வளவுதான் மச்சான் பனி இருக்கும் அங்கே?” என்று கேட்டார் சேகர்.

“முட்டி வரிக்கும்ங்க,” என்றாள் கலா, கோட்டைப் பார்த்தபடியே. பிறகு அதைக் கொடியிலிருந்து எடுத்து, உதறி, இடது கையை ஒரு மடிப்பு மடித்து, நகத்தால் அழுத்திக் கீறிவிட்டு மறுபடி காயப்போட்டாள்.